இரண்டு விரல் உயரம்

அமுக்கிப் பிடித்தால் கை படுத்திருந்தது. விட்டால் எழும்பியது. ஸ்ரனிஸ்லாஸ் மறுபடியும் அண்ணனின் இடது மணிக்கட்டைப் பிடித்து, வயிற்றுக்கு மேலே கொண்டுவந்து, வலது கைக்குப் பக்கத்தில் வைத்து, தன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். கை சற்று நேரம் கிடந்தது. பிறகு தானாகவே கிளம்பி, பெட்டியின் விளிம்புக்கு மேலே வந்து, தெருவில் யாரையோ நிற்கச் சொல்வதுபோல் நின்றது.

"நான் சொன்னன்தானே," என்றார் லூயிஸ். "மூடி பூட்டாது."

லூயிஸ் மலர்ச்சாலைக்காரர், சவப்பெட்டியும் சடங்கும் பார்க்கிறவர். வீடு ஹெந்தளையில், தொழில் கொட்டாஞ்சேனையில். சிங்களக் கத்தோலிக்கர்தான், ஆனால் கொட்டாஞ்சேனைத் தமிழரில் பாதிப் பேரை அவர்தான் அனுப்பிவைத்தார். மிச்சப் பாதியைத் தெருவில் கண்டால் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை கண்ணால் அளந்துவிட்டுத்தான் சுகம் விசாரிப்பார். பொல்லாத மனிதர் அல்ல. தொழில் அப்படி. ஸ்ரனிஸ்லாஸை அவர் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

"மருந்து ஏத்தியாச்சு மல்லி. இன்னும் கொஞ்ச நேரத்தில உடம்பு இறுகும். இறுகினாப் பிறகு நானும் ஒண்டும் செய்ய ஏலாது, அந்தோனியாரும் ஒண்டும் செய்ய ஏலாது. இப்பவே சொல்லுங்க. முழங்கைக்கு உள்பக்கம் சின்ன வெட்டு ஒண்டு. பிறகு ஒரு அமுக்கு. கோட்டுக் கை மூடிக்கொள்ளும். அண்ணி நோனாவுக்கும் தெரியாது, ஃபாதருக்கும் தெரியாது."

"அமுக்கினா?"

"சத்தம் ஒண்டு வரும். நீங்க வெளியில நிண்டாச் சரி."

ஸ்ரனிஸ்லாஸ் தலையை ஆட்டினான். அது ஓம் என்பதா இல்லை என்பதா என்று அவனுக்கே தெரியவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து அவன் எல்லோருக்கும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தான். பொலிசுக்கு, மரண விசாரணைக்கு வந்த பெரியவருக்கு, பங்குக் குருவுக்கு, பெட்டிக்குள் விரிப்பது வெள்ளையா ஊதாவா என்று கேட்டவருக்கு. அழுகை வரவில்லை. வரும் என்று எண்ணி மனைவி செலீன் காலையில் ஒரு கைலேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டிருந்தாள். மடித்த மடிப்புக் குலையாமல் அது அங்கேயே இருந்தது. கூடப் பிறந்தவன் செத்துக் கிடக்கிறான், தன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பது அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கமும் தூரத்தில் எங்கேயோதான் இருந்தது.

வீட்டிலிருந்து புறப்படும்போது அண்ணி மெற்றில்டா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். ஜம்பட்டா வீதியில் ஒழுங்கைக்குள் இருக்கும் அந்தச் சின்ன வீட்டில் நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவள் கறுப்புச் சட்டையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஜெபமாலை ரெண்டு கையிலயும் சுத்தியிருக்கோணும் தம்பி. கை ரெண்டும் சேந்திருக்கோணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்ல."

அவள் கேட்ட அந்த ஒன்று, அண்ணன் கிளறன்ஸ் உயிரோடிருந்தபோதே நடக்காத காரியம். கோயிலில் மற்றவர்கள் நெஞ்சுக்கு நேரே கை கூப்புவார்கள். அவருடைய இடது கை அவ்வளவு தூரம் வராது. வலது கைதான் இறங்கிப் போய் இடது கையைப் பார்த்துவிட்டு வரும். இதை அவள் இத்தனை வருடமாகப் பக்கத்து வாங்கிலிருந்து பார்த்தவள். பார்த்தவள்தான் கேட்டாள். பெட்டிக்குள்ளாவது மற்றவர்களைப் போலக் கிடக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

அந்தக் கை எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடைந்தது. காரிலிருந்து இழுத்தார்கள், கிளறன்ஸ் ஸ்டீரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை. விட்டிருந்தால் கை தப்பியிருக்கும், ஆள் தப்பியிருக்க மாட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் அந்தக் கதையை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அகதி முகாமாகிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் மேசைமேல் கிடத்தி, முகாமில் அகப்பட்ட ஒரு பரியாரியார் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டை அவிழ்த்தபோது முழங்கை பாதி மடங்கினபடி இறுகியிருந்தது. முழுக்க நீட்டவும் வராது, முழுக்க மடக்கவும் வராது. போதாததற்கு இடது தோளும் மேலே ஏறிப்போய்க் காதுக்குக் கிட்ட நின்றுவிட்டது. எலும்பு அப்படிப் பொருந்திவிட்டது என்றார்கள். எல்லோரும் நம்பினார்கள். கிளறன்ஸும் நம்பினார்.

அதே முழங்கை. இன்னொரு அமுக்கு. இன்னொரு சத்தம். இந்தத் தடவை அதற்கு ஓம் சொல்ல வேண்டியவன் தம்பிக்காரன்.

"யோசியுங்க," என்றார் லூயிஸ். "நான் கோட்டை எடுத்து அயன் பண்ணச் சொல்லுறன்."

அவர் உள்ளே போனார். ஸ்ரனிஸ்லாஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். திறந்த கதவுக்கு வெளியே வெயிலில் அண்ணனின் மொறிஸ் மைனர் நின்றது. பொலிஸ் நேற்றுப் பின்னேரம்தான் அதை விட்டது. அவன்தான் அதில் வந்தான்.

நேற்று நடந்ததை இராஜநாயகம் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். இராஜநாயகமும் வாடகைக் கார் ஓடுகிறவர், வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் கிளறன்ஸுக்குப் பின்னால் நிறுத்துகிறவர். கிளறன்ஸ் சவாரிக்குக் காத்திருந்தபடியே போய்விட்டார், இருதயம். ஆனால் அது யாருக்குத் தெரியும்? நிறுத்தின காருக்குள் ஒரு தமிழ் ஆள், அசையாமல், வெகுநேரமாக. எதிர்க் கடைக்காரர் பயந்துபோய்ப் பொலிசுக்குச் சொல்லிவிட்டார். கொழும்பில் குண்டுகள் வெடித்த அந்த வருடம் அந்தப் பயத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கடைக் கதவுகளெல்லாம் இழுத்து விழுந்தன. காலி வீதியை இரண்டு பக்கமும் மறித்தார்கள். ஆமிக்காரர்கள் கயிறு கட்டிக் கார்க் கதவை இழுத்துத் திறந்தார்கள். பொனற்றைப் பார்த்தார்கள், சீட்டுக்குக் கீழே பார்த்தார்கள், டிக்கியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் ரோட்டில் பரப்பினார்கள். அவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒருவன் கையுறையைக் கழற்றிவிட்டு அவருடைய கழுத்தைத் தொட்டான்.

"செத்த மனிசனைத் தொட முதல் டிக்கியைத் தொட்டாங்கள் தம்பி," என்றார் இராஜநாயகம். "நான் நித்திரை எண்டுதான் நினைச்சனான். தோளைத் தொங்க விட்டிட்டு இருந்தார். ஆரும் பக்கத்தில இல்லாட்டி அவர் அப்பிடித்தான் இருப்பார். அதால நான் எழுப்பேல்ல."

ஸ்ரனிஸ்லாஸ் அதற்கும் தலையாட்டினான்.

டிக்கியிலிருந்து ரோட்டில் பரப்பிய சாமான்களில் ஒன்று ஸ்ரனிஸ்லாஸ் செய்தது. அது ஒரு ஆம்ரெஸ்ட். காரின் முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில் கையை வைத்துக்கொள்வதற்கு.

அவன் புளூமெண்டால் வீதியில் குஷன் கடை வைத்திருந்தான். ஊரார் காருக்கெல்லாம் சீட்டுத் தைக்கிறவன் சொந்த அண்ணனின் கைக்கு ஒரு மெத்தை செய்து கொடுக்காவிட்டால் பிறகென்ன தொழில். கியர் மாற்றாத நேரத்தில் கிளறன்ஸின் இடது கைக்கு அந்தக் காரில் இடமே இல்லை. தொங்கவிட்டால் தோள் வலித்தது, மடியில் வைத்தால் விரல் விறைத்தது. ஒரு பின்னேரம் ஸ்ரனிஸ்லாஸ் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு காருக்குள் ஏறினான். "சும்மா இருங்கோ அண்ணை, ஓடுற மாதிரி," என்றான். கிளறன்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் பார்த்தார். நாடாவின் ஒரு நுனி அவருடைய முழங்கைக்குக் கீழே, மறு நுனி சீட்டுகளுக்கு நடுவிலுள்ள தகர மேட்டில். தேத்தண்ணீர் கொண்டுவந்த மெற்றில்டா ஜன்னல் பக்கம் நின்று, "கையைக் கீழ வையுங்கோவன்," என்றாள்.

"கீழதான் கிடக்கு," என்றார் கிளறன்ஸ்.

ஸ்ரனிஸ்லாஸ் அளவைக் காதில் செருகியிருந்த பென்சிலால் பலகைத் துண்டில் குறித்துக்கொண்டான்.

முதலில் செய்தது தேக்குப் பெட்டி. மேலே மூடி, மூடிமேல் ஸ்பொஞ்சு, அதற்கு மேல் கறுப்பு ரெக்சின். உள்ளே லைசென்சையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் வைத்துக்கொள்ளலாம். பார்த்தவர்கள் பெரிய இடத்துக் கார் போல இருக்கிறது என்றார்கள். அதற்குள் கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. பிறகு கொழும்பில் சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கிய சோதனைச்சாவடி. தமிழனின் காரில் மூடியோடு எது இருந்தாலும் அதற்குள் குண்டுதான். நிறுத்தின இடமெல்லாம் அதைத் திற, இதைத் திற என்று, கடைசியில் ஒருவன் கம்பியால் குத்தி அடிப்பலகையையும் கழற்றினான். கிளறன்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து கடை வாங்கில் வைத்தார்.

"மூடி வேண்டாமடா. மூடியைக் கண்டா அவங்களுக்கு யோசினை வருது."

இரண்டாவதில் மூடி இல்லை. பெட்டியே இல்லை. முழுக்க ஸ்பொஞ்சு, சுற்றி ரெக்சின். திறக்க ஒன்றுமில்லாததைக் கண்டதும் அவர்களுக்கு இன்னும் யோசனை வந்தது. மருதானைப் பக்கம் ஒரு பொடியன் துவக்குக் கத்தியால் அதை வாளைமீனை வகிர்வதுபோல் தலையிலிருந்து வால்வரை வகிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு மன்னிப்பும் கேட்டானாம்.

மூன்றாவதை ஸ்ரனிஸ்லாஸ் அவசரப்படாமல் செய்தான். கார்க்காரனுக்காக இல்லாமல் ஆமிக்காரனுக்காக யோசித்தான். மெல்லிய இரும்பில் நான்கு கால். ஒரு கதவில் குனிந்தால் காலுக்கு நடுவால் மறு கதவு தெரியும். காலுக்கு மேலே ஒட்டுப்பலகை. பலகைமேல் விரல் கனத்தில் ஸ்பொஞ்சுத் தட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டாமல். அவற்றை மூடி ரெக்சின் உறை. உறைக்கு இடது பக்கத்தில், ஆமிக்காரன் தலையை நீட்டும் பக்கத்தில், பயணப்பைக்குத் தைக்கிறதுபோல் முழு நீளத்துக்கு ஒரு சிப். திற என்றால் ஒரு இழுவை. தட்டுத் தட்டாக எடுத்துக் காட்டலாம், திரும்பவும் வைக்கலாம். அந்த வருடம் கொழும்பில் ஒளிவுமறைவு இல்லாதது அது ஒன்றுதான் என்று கிளறன்ஸ் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சோதனைச்சாவடிகளில் அது ஜெயித்துவிட்டது.

ஆனால் அதையும் அவர் வைத்து ஓடவில்லை. தற்செயலாக டிக்கியைத் திறந்தபோதெல்லாம் அது அங்கே கிடந்தது. காலைத் தகர மேட்டில் பூட்டிய நான்கு திருகாணியையும் கழற்றி எடுத்துப் பின்னால் போட்டிருப்பார். தம்பியைக் காணப் போகிற நாளில் மட்டும் திரும்பப் பூட்டிக்கொண்டு வருவார்.

"பிழை இருந்தாச் சொல்லுங்கோவன் அண்ணை."

"ஒரு பிழையும் இல்லையடா. நல்லாத்தான் இருக்கு."

அவருக்குக் குறை சொல்லத் தெரியாது. ஸ்ரனிஸ்லாஸுக்கு அது மனக்கஷ்டம். அளவு சரி, மூன்று தடவையும் ஒரே அளவு. எலும்பின் உயரம் மாறுமா என்ன?

லூயிஸ் கோட்டோடு வந்தார். அவரும் அவருடைய ஆளும் பழகின கையால் கிளறன்ஸைத் தூக்கி அதைப் போட்டுவிட்டார்கள். இடது கையைக் கோட்டுக்குள் விடும்போது மட்டும் லூயிஸ், "மெல்ல, மெல்ல," என்றார். கலியாண வெள்ளிவிழாப் பூசைக்குத் தைத்த கோட்டு. ஆமர் வீதித் தையற்காரர், ஒரு தோள் ஏறின மனிதருக்குத் தைப்பது லேசில்லை என்று சொல்லி, இடது பக்கத்தை உயர்த்தி வெட்டித் தைத்தது. அன்றைக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளறன்ஸ் நின்றபோது கோணல் தெரியவேயில்லை.

"இது ஆருடைய கோட்டு மல்லி? அளவு பிழை."

"அண்ணையின்ரதான்."

"இஞ்ச பாருங்க."

இடது தோளில் துணி கூடுபோல் எழும்பி நின்றது. உள்ளே ஒன்றுமில்லை. ஸ்ரனிஸ்லாஸ் இரண்டு விரலை அந்த இடத்தில் வைத்து அமுக்கினான். துணி இறங்கியது. அதற்குக் கீழே, இரண்டு விரல் ஆழத்தில், அண்ணனின் தோள் இருந்தது. வலது தோளைப் பார்த்தான். மறுபடியும் இடது தோளைப் பார்த்தான். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

மனிதன் செத்துப் போனான் என்பதற்காக எலும்பு இறங்காது. அது ஸ்ரனிஸ்லாஸுக்கும் தெரியும். அப்படியானால் அந்தத் தோளை எலும்பு தூக்கி வைத்திருக்கவில்லை. அவரே தூக்கி வைத்திருந்தார். எண்பத்துமூன்றிலிருந்து நேற்று வரைக்கும். யாராவது கதவைத் திறந்து கையைப் பிடிப்பார்கள் என்பதுபோல், கோயிலில், சாப்பாட்டு மேசையில், தம்பி நாடாவோடு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோதும். தனியே இருக்கும்போது மட்டும் இறங்கியிருக்கிறது. இராஜநாயகம் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. ஆள் இல்லாத காரில் தோள் இறங்கும், அந்த உயரத்துக்குச் செய்த ஆம்ரெஸ்ட் கீழேயிருந்து முட்டித் தூக்கும். வலித்திருக்கும். வலிக்கிறது என்று மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும், ஏன் என்று அவருக்கும் தெரிந்திராது. பிறகென்ன, ஆணியைக் கழற்றி டிக்கியில் போடுவார்.

ஸ்ரனிஸ்லாஸ் ஸ்டூலிலிருந்து எழும்பினான். என்ன செய்கிறோம் என்று யோசியாமல், கையை விரித்து அண்ணனின் இடது முழங்கைக்குக் கீழே நுழைத்துக் கொஞ்சம் உயர்த்தினான். அந்தரத்தில் நின்ற முன்கை மெல்ல வயிற்றுப் பக்கம் சரிந்தது. உள்ளங்கையை எடுத்தான். முன்கை எழும்பியது. மறுபடி வைத்தான். சரிந்தது.

"அட," என்றார் லூயிஸ்.

"வெட்ட வேண்டாம்," என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

"துவாய் மடிச்சு வைப்பமா?"

"துவாய் அமுங்கிப் போயிடும். பெட்டியைத் தூக்கேக்க நழுவிடும். பொறுங்க."

ஆம்ரெஸ்ட் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் தலைகீழாய்க் கிடந்தது. சிப் திறந்தபடி இருந்தது. நேற்று ரோட்டில் பார்த்தவர்கள் தட்டுகளை ஒழுங்காகத் திரும்ப வைக்கவில்லை, மேலே மேலே திணித்திருந்தார்கள். ரெக்சினில் சப்பாத்துத் தூசு. அவன் வெயிலில் குந்தியிருந்து ஆணிகளைக் கழற்றிக் கால் நான்கையும் பிரித்தான், கைலேஞ்சியை எடுத்து உதறித் தூசைத் துடைத்தான், தட்டுகளை ஒவ்வொன்றாக நேர்ப்படுத்தி உள்ளே வைத்தான். கடையில் தினமும் செய்கிற வேலை. அவசரமாக ஒரு சாமானைக் கேட்டு வாடிக்கையாளர் காத்திருப்பதுபோல்தான் இருந்தது. துக்கம் என்று எதுவும் அப்போதும் வரவில்லை.

பெட்டிக்குள், முழங்கைக்குக் கீழே வைத்தான். கூடிப்போயிற்று. மேற்கை மேலே தள்ளுப்பட்டு, தோள் காதுப் பக்கம் ஏறியது. கோட்டு அப்போது கச்சிதமாக இருந்தது. வெள்ளிவிழாப் படத்தில் இருந்த கிளறன்ஸ் அப்படியே கிடந்தார், கை மட்டும் இன்னும் அந்தரத்தில்.

"கோட்டு இப்ப வடிவு," என்றார் லூயிஸ்.

ஸ்ரனிஸ்லாஸ் சிப்பை இழுத்து ஒரு தட்டை உருவினான். தோள் கொஞ்சம் இறங்கியது. கை கொஞ்சம் சரிந்தது. இன்னொரு தட்டை உருவினான். உறைக்குள் பலகை ஓரத்தில் அவனுடைய பென்சில் எழுத்து தெரிந்தது. அண்ணை என்று எழுதி, பக்கத்தில் உயரம். அதன்மேல் மிச்சத் தட்டை இழுத்துவிட்டுச் சிப்பைப் பூட்டினான். தோள் முழுக்க இறங்கியது. கோட்டில் கூடு விழுந்தது. முன்கை வயிற்றைக் கடந்து, ஒருவரும் அமுக்காமல், வலது கையின் விரல்களில் போய்ப் படுத்தது.

லூயிஸ் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கை எழும்பவில்லை. அவர் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து மெற்றில்டா கொடுத்துவிட்ட ஜெபமாலையை எடுத்து ஸ்ரனிஸ்லாஸிடம் நீட்டினார். "நீங்களே சுத்துங்க."

இரண்டு கையையும் சேர்த்துச் சுற்றினான். உருவின இரண்டு தட்டையும் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு கொண்டுபோய், கழற்றின கால்களோடு டிக்கியில் போட்டான்.

வீட்டில் சனம் நிறைந்திருந்தது. பெட்டியைக் கூடத்தில் வைத்ததும் அழுகை எழும்பி அடங்கியது. மெற்றில்டா தலைமாட்டில் வந்து நின்று முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தோளில் துணி கூடு கட்டியிருந்ததைக் கண்டு, சுருக்கம் எடுப்பதுபோல் அதைத் தடவினாள். விரல் உள்ளே போனது. கையை எடுக்காமல் ஸ்ரனிஸ்லாஸைப் பார்த்தாள்.

அவள் பார்வை கோட்டுக் கையோடு இறங்கி, முழங்கைக்குக் கீழே வெள்ளை விரிப்புக்கு வெளியே தெரிந்த கறுப்பு ரெக்சின் ஓரத்தில் நின்றது. அது எது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை தடவை டிக்கியில் கண்டவள்.

"அவருக்குச் சரியா இருக்கா தம்பி?"

"இப்ப சரி அண்ணி."

அவள் விரிப்பின் ஓரத்தை இழுத்து ரெக்சினை மூடிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் அழுதாள்.

நாலு மணிக்கு மூடி பூட்டிற்று. ஒரு இடத்திலும் முட்டவில்லை. கோயிலில் பூசை முடிந்து மாதம்பிட்டி மயானத்துக்குப் போகும் வழியில், முகத்துவாரம் திரும்பும் சோதனைச்சாவடியில் நின்ற ஆமிக்காரன் பிரேத வண்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரத்தில் நின்றான். ஒரு வாகனத்தையும் மறிக்கவில்லை. குழிக்குள் பெட்டி இறங்கியபோது ஸ்ரனிஸ்லாஸ் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தான். நழுவுமோ, உள்ளே கை அசையுமோ என்று அதே யோசனைதான். மண்ணைப் போடச் சொன்னார்கள், போட்டான்.

திரும்பி வரும்போது மொறிஸில் மூன்று பேர். அவன் ஓட்டினான், பக்கத்தில் மெற்றில்டா, பின்னால் செலீன். தொப்பியைக் கழற்றி நின்ற அதே ஆமிக்காரன் இப்போது கையை நீட்டி மறித்தான். போன வண்டி வேறு, வருகிற வண்டி வேறு. மூன்று அடையாள அட்டைகளையும் வாங்கி மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்து, இடது பக்க ஜன்னலால் தலையை நீட்டினான். சீட்டுகளுக்குக் கீழே பார்த்தான். நடுவில், தகர மேட்டில், நான்கு ஆணித் துளைகளைக் கண்டான். துளைகள் புதியவை. தகரம் மினுங்கிக்கொண்டிருந்தது.

இங்கே இருந்தது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

கை வைக்கிற சாமான் என்றான் ஸ்ரனிஸ்லாஸ், அவனும் சிங்களத்தில்.

"கோ ஏக்க?"

எங்கே அது என்றால் என்ன சொல்வது? டிக்கியில் கொஞ்சமும், குழிக்குள் மிச்சமும் கிடக்கின்றன. மெற்றில்டாதான் சொன்னாள். எங்கள் மாத்தயாவிடம், வீட்டுக்காரரிடம், கொடுத்துவிட்டோம் என்று சிங்களத்தில் சொல்லி, வந்த பாதையைக் கையால் காட்டினாள். அவளுடைய கறுப்புச் சட்டையில் மயான மண் ஒட்டியிருந்தது. ஆமிக்காரன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான். பிறகு அட்டைகளை வாங்கிவரப் போனான்.

பின்னால் செலீன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. கடல் பக்கத்திலிருந்து கருவாட்டு வாடையோடு காற்று வந்தது. ஸ்ரனிஸ்லாஸ் நேரே முன்னால் பார்த்தபடி காத்திருந்தான். வலது கை ஸ்டீரிங்கில் இருந்தது.

"கையைக் கீழ வையுங்கோ தம்பி," என்றாள் மெற்றில்டா.

"கீழதான் கிடக்கு அண்ணி," என்றான்.

அவள் பார்வை அங்கேயே நின்றதால் அவன் குனிந்து பார்த்தான். இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில், அந்த நான்கு துளைகளுக்கு மேலே, அவனுடைய இடது முழங்கை எதிலும் முட்டாமல் நின்றது.